அடிஷனல் ஷீட்

அடிஷனல் ஷீட் கேட்கிறதாம். அதுவும் எழுந்து நின்று, மரியாதையாக, "மேம், அடிஷனல் ஷீட்" என்று கேட்கிறதாம். சண்முகவடிவு பதினாலாம் நம்பர் ஹாலின் கரும்பலகையில் தாளின் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு, விரலில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டிக்கொண்டே, இதைவிடக் கேவலமாக ஒரு பேய்க்கதையை யாராவது கட்ட முடியுமா என்று நினைத்தாள். பேய் என்றால் ரத்தம் கேட்கும், கோழி கேட்கும், சுருட்டு கேட்கும். கோடு போட்ட தாள் கேட்கிற பேயைப் பெற்றது உலகத்திலேயே இந்தக் காலேஜ் ஒன்றுதான். பெற்றது காலேஜா? பெற்றது இவள். அங்கேதான் எரிச்சல் தலைக்கேறியது. போன நவம்பரில், செமஸ்டரின் முதல் பரீட்சை அன்று, மழைக்கு ஒதுங்கி மேற்குக் கட்டிடத்துச் சன்ஷேடுக்குக் கீழே நின்று கடைசி நேரப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் மேல் அந்தச் சன்ஷேடு அப்படியே பெயர்ந்து விழுந்தது. மற்றவர்களுக்குக் கை கால் முறிந்தது. கௌசிகா செத்துப்போனாள். பி.காம். இரண்டாம் வருஷம், சண்முகவடிவின் ஒரே மகள். பரீட்சை எழுதாமல் போன ஆத்மா, அதனால் பரீட்சை எழுத வருகிறது என்று ஹாஸ்டலில் யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, அது காலேஜ் முழுக்கப் பரவிவிட்டது. பரீட்சை எழுத வருகிறதாமே! பள்ளிக்கூட நாளில் டி.வி.யில் புயல் என்று சொன்னால், சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று பரீட்சை அன்றைக்குப் பார்த்து அதைக் கரையைக் கடக்க வை, லீவு விடட்டும் என்று வேண்டிக்கொண்ட ஜென்மம் அது. செத்தும் வந்து வருமான வரிப் பேப்பர் எழுதுமா? இந்தப் பிள்ளைகளுக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்.

இந்த ஹாலை இவள் தலையில் தள்ளிவிட்டவள் பரீட்சை வேலைகளைப் பார்க்கிற மரகதம். பதினாலாம் ஹால் என்றால் ஒருத்தியும் சூப்பர்விஷனுக்கு வர மாட்டேன் என்கிறாளாம். ஒருத்திக்கு மாமியாருக்குச் சுகமில்லை, ஒருத்திக்கு இடுப்பு வலி. கடைசியில் தாவரவியல் டிபார்ட்மெண்ட் வரைக்கும் நடந்து வந்து, வடிவின் மேசையில் இருந்த செம்பருத்திப் பூவின் ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபடியே மரகதம் சொன்னாள்: "உங்களுக்குன்னா பயம் இருக்காதுல்ல வடிவு மேம். உங்க பொண்ணுதானே." ஆமாம், உங்க பொண்ணுதானே. உங்க வீட்டு நாய்தானே, கடிக்காதுல்ல என்கிற மாதிரி. வடிவு ஸ்லைடைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்தாள். பதில் சொல்லி என்ன, நாளைக்கு அதற்கும் ஒரு கிளைக்கதை முளைக்கும். இப்போது ஹாலில் எல்லோரும் தலை கவிழ்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஜன்னல் வரிசையில், போன வருஷம் கௌசிகாவுக்கு ஒதுக்கியிருந்த ஒரே ஒரு பெஞ்சைத் தவிர. அந்தப் பெஞ்சுக்கு ஒதுக்கிய பெண் காலையிலேயே அழுது, ரிஜிஸ்டர் நம்பரை வேறு ஹாலுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முதல் வருஷத்துப் பெண், ஹால் டிக்கெட்டில் மாரிச்செல்வி, நெற்றியில் ஒரு கைப்பிடி திருநீறு. எழுதுகிறாள், நிமிர்ந்து முன்னால் இருக்கிற காலிப் பெஞ்சைப் பார்க்கிறாள், மறுபடி எழுதுகிறாள். வடிவுக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உட்காரக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, போன் கூடாது. மூன்று மணி நேரம் நடக்கலாம், நிற்கலாம். சூப்பர்வைசர் வேலையில் யோசிப்பதற்கு மட்டும் தடை கிடையாது. அதைத் தடை செய்திருந்தால் எவ்வளவு புண்ணியமாக இருந்திருக்கும்.

வாழ்நாளில் கௌசி அடிஷனல் ஷீட் வாங்கினதே இல்லை. கொடுத்த தாளிலேயே பின்னால் நாலு பக்கம் மிச்சம் வைத்துவிட்டு, முதல் ஆளாக எழுந்து வந்துவிடுவாள். கேட்டால், "அதான் எழுதிட்டேனே, அதுக்கு மேல அவங்களுக்கு என்ன தெரியணும்?" என்பாள். அவளைப் போய் இவர்கள், தாளைக் கொண்டா, நூலைக் கொண்டா, நான் கட்ட வேண்டும் என்று அலைய வைத்திருக்கிறார்கள். கொலுசுச் சத்தம் கேட்கிறதாம் வராந்தாவில். கொலுசு! எட்டாம் வகுப்பில் கழற்றிப் பீரோவில் போட்டது, சாக்ஸில் மாட்டுகிறது என்று. அதற்கப்புறம் கல்யாண வீட்டுக்குக்கூடப் போட மாட்டேன் என்று சண்டை. விரித்த கூந்தல் தரை வரைக்கும் புரள்கிறது என்று கேண்டீனில் சொல்லுகிறார்கள். எந்தக் கூந்தல்? தீபாவளிக்கு முந்தின வாரம் தென்காசியில் ஒரு பார்லருக்குப் போய்த் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாளே, வடிவு இரண்டு நாள் அவளோடு பேசவில்லையே, அந்தக் கூந்தலா? லேபில் அழுகைச் சத்தமாம். அவளாவது அழுவதாவது, அழுவதற்கும் ஒரு பொறுமை வேண்டும், அது அவளிடம் கிடையாது, கதவை அறைந்து சாத்துவாள், அவ்வளவுதான். வெள்ளைச் சேலை வேறு! சேலை கட்டத் தெரியாத பெண்ணுக்குச் செத்தபின் யார் மடிப்பெடுத்துக் கொடுத்தார்கள்? ஒரு கதையாவது சரியாக இருக்கிறதா? கதவு படீரென்று சாத்திக்கொள்கிறது என்று ஒருத்தியாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் வடிவு நின்று கேட்டிருப்பாள். எந்தக் கதவு, எத்தனை மணிக்கு, சாத்திவிட்டு உள்ளே போனாளா வெளியே போனாளா என்று கேட்டிருப்பாள். சீ, என்ன யோசனை இது. செல் பிரிவதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் யோசிக்கிற யோசனையா. வடிவு வேகமாக நடந்து ஹாலின் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

இதில் இன்னொரு ஆத்திரம், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மரகதம் பார்த்திருக்கிறாள், ஹாஸ்டல் வார்டன் பார்த்திருக்கிறாள், காலேஜ் பஸ் டிரைவர் பார்த்திருக்கிறார், இந்த ஜூனில்தான் சேர்ந்து, உயிரோடு இருந்த கௌசியை ஒரு தடவைகூடப் பார்க்காத முதல் வருஷத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பார்த்திருக்கிறார்கள். பெற்றவள் கண்ணில் மட்டும் படவில்லை. வடிவும் ஒருநாள் நின்று பார்த்தாள், யாருக்கும் தெரியாமல். எல்லோரும் போன பிறகு இதே ஹாலில், வெளிச்சம் மங்குகிற வரைக்கும், பீரியட் நோட்டை எடுக்க வந்த பாவனையில். ஒரு பல்லி சத்தம் போட்டது. வீட்டில் அவள் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்துப் பார்த்தாள். கொசு வந்தது. என்ன அநியாயம் இது என்று நினைத்தாள். நம்பாதவள் என்பதற்காக ஒளிந்துகொள்வதா? அப்புறம்தான் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது சட்டென்று உறைத்தது. காலேஜில் அம்மாவைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதே இல்லை அவள். சேர்ந்த முதல் நாளே போட்ட சட்டம் அது. "காலேஜ்ல நீ எனக்கு அம்மா இல்ல, மேம். நான் உனக்கு ஸ்டூடண்ட். வழியில பாத்தா சிரிக்கக் கூடாது, சாப்ட்டியான்னு கேக்கக் கூடாது." ஒரே பஸ்ஸில் வந்தாலும் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வருவாள். வராந்தாவில் எதிரே வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக "குட்மார்னிங் மேம்" என்று சொல்லிவிட்டு, கண்ணில் ஒரு துளி அடையாளம் இல்லாமல் போவாள். அந்தக் கடைசி நாள் அன்றைக்கும் மழை, அந்த ஸ்டாப்பில் இறங்காதே, என்னோடு குடைக்குள் வா என்று வடிவு சொன்னதற்கு, "மேம், உங்க சோலியப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப்போனாள். அப்படியென்றால் இந்த வளாகத்துக்குள் மற்ற எல்லோருக்கும் முகம் காட்டிவிட்டு இவளை மட்டும் கண்டுகொள்ளாமல் போவது அவள் குணம்தானே? பொருந்துகிறதே? கொலுசும் கூந்தலும் பொய்யாக இருந்தாலும் அந்த "மேம்" மட்டும் அவளேதானே? இப்படி யோசித்த அன்று வடிவு பஸ்ஸில் தன் ஸ்டாப்பைத் தவறவிட்டாள்.

ஐந்து மணிக்குப் பூஜை, அதற்குள் பிரின்சிபாலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் இன்றைக்கு நெஞ்சில் கிடந்து உறுத்துகிற விஷயம். பிரின்சிபால் அம்மா வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் அறையில் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்து, குரலை இறக்கிச் சொன்னார். உடுக்கு அடித்துக் குறி சொல்லுகிற கோடாங்கி ஒருவரைச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தாளாளரே வரவழைத்துவிட்டாராம். அவர் வளாகத்தைச் சுற்றி வந்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பார்த்து, பிள்ளை இங்கேதான் நிற்கிறது, பெற்றவள் தன் வாயால் போ என்று சொன்னால்தான் போகும் என்று சொல்லிவிட்டாராம். "ஒரு வார்த்தைதானே வடிவு மேம். பிள்ளைங்க பயந்து சாகுதுங்க. மழை வந்தா ஒரு சன்ஷேடுக்குக் கீழகூட ஒதுங்க மாட்டேங்குதுங்க, கௌசி அக்கா பிடிச்சிருவாங்கன்னு. நனைஞ்சுக்கிட்டு ஓடி, காய்ச்சல்ல படுத்துக்குதுங்க. நீங்க சொல்லிட்டா பழையபடி ஆகிரும்." சன்ஷேடு விழுந்ததற்கு மழைதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனது விசாரணை. இப்போது பேய்தான் காரணம். கலவையில் சிமெண்ட் இருந்ததா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மழைக்கும் பேய்க்கும் வக்கீல் கிடையாது அல்லவா. மேற்குக் கட்டிடத்துக்கு வெள்ளை அடித்தார்கள், விழுந்த இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டி வைத்தார்கள். மற்றச் சன்ஷேடுகளை ஒரு இன்ஜினியரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வடிவு கேட்டதற்கு, முதலில் இது முடியட்டும் என்றார் பிரின்சிபால். இது என்றால் கௌசி. கௌசி முடியட்டும்.

வீட்டுக்காரர் வேலாயுதமும் அதையேதான் சொன்னார். மின்வாரியத்திலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "சொல்லிரு வடிவு. பிள்ளை எங்கயாவது போய் நிம்மதியா இருக்கட்டும்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவரோடு சண்டை போட முடியவில்லை. இதில் சண்டை போட என்ன இருக்கிறது? பேய் இல்லை என்கிறவளுக்குப் போ என்பது ஒரே எழுத்து. காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ரசம் வைக்கலாம். நம்புகிறவளுக்கு அல்லவா கஷ்டம்? நீ நம்பவில்லை, அப்புறம் ஏன் வாய் வரவில்லை? அப்படியானால் நம்புகிறாயா? நம்புகிறாய் என்றால் பெற்ற பிள்ளையை இப்படி அந்தரத்தில் நிற்க விடலாமா, உனக்குப் பிடித்துவைக்க வேண்டும் என்பதற்காக? இல்லை, நம்பவில்லை. நம்பவில்லை என்றால் சொல். சொல் பார்ப்போம், இங்கேயே, மனதுக்குள்ளே. வடிவு ஹாலின் நடுவில் நின்று சொல்லிப் பார்த்தாள். போ... அதற்கு மேல் நாக்கு தானாகவே "...யிட்டு வா" என்று முடித்தது. வீட்டில் யாரும் யாரையும் போ என்று சொன்னதில்லை. பால்காரரானாலும் போயிட்டு வாங்க. கேஸ் சிலிண்டர் போடுகிறவரானாலும் போயிட்டு வாங்க. கௌசியும் எவ்வளவு கோபத்தில் கதவை அறைந்தாலும் அந்தப் பக்கம் நின்று "வாரேன்" என்று கத்திவிட்டுத்தான் போவாள். போறேன் என்று சொன்னால் பல்லைத் தட்டிவிடுவாள் வடிவு என்று தெரியும். இந்த வாயால் இப்போது போ என்று சொல்ல வேண்டுமாம், எலுமிச்சம்பழத்தைப் பார்த்து.

"மேம், அடிஷனல் ஷீட்."

ஜன்னல் வரிசையிலிருந்து வந்தது. வடிவின் கையில் இருந்த தாள் கட்டு நழுவியது, அவள் திரும்பிய வேகத்தில் முந்தானை ஒரு டெஸ்க்கில் மாட்டிக்கொண்டது. காலிப் பெஞ்ச் காலியாகவே இருந்தது. அதற்குப் பின்னால் மாரிச்செல்வி எழுந்து நின்றுகொண்டு, தன் குரலைத் தானே கேட்டுப் பயந்துபோனவளாக விழித்தாள். உனக்கு வேறு வேளை கிடைக்கவில்லையா, கையைத் தூக்கினால் போதாதா என்று வாய் வரை வந்ததை வடிவு விழுங்கிக்கொண்டு, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. அந்த ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பயம் இருந்ததா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. வந்துவிட்டாள் என்றுதான் இருந்தது. காலிப் பெஞ்சைக் கண்டதும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கால் வேறு கடுத்தது. உட்காரக் கூடாது என்கிற சட்டம் நாசமாய்ப் போக, நேரே போய் அந்தப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஹாலே ஒரு முறை மூச்சை இழுத்தது. "என்ன வேடிக்கை? எழுதுங்க" என்றாள்.

அங்கே உட்கார்ந்தால் மாடி ஜன்னல் வழியாகக் கிழக்குக் கட்டிடம் தெரிந்தது. மேற்குக் கட்டிடத்தோடு கூடவே, அதே கான்ட்ராக்டர் கட்டியது. அதன் தரைத்தளத்துச் சன்ஷேடின் மேல்பக்கம், கீழே நடக்கிறவர்களுக்குத் தெரியாத பக்கம், இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. சுவரோடு அது சேருகிற இடத்தில் நீளமாக ஒரு விரிசல். அதில் ஒரு அரசங்கன்று. பூஜைக்காகக் கட்டிடம் முழுக்க வெள்ளை அடித்தவன் கன்றைப் பிடுங்க மனசில்லாமல் அதற்கும் சேர்த்து அடித்திருக்கிறான், கீழ் இலைகள் வெள்ளையாக இருந்தன. மேலே புதுத் துளிர் செக்கச்செவேல் என்று. இத்தனை துளிர் விட்டிருக்கிறது என்றால் வேர் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கும் என்று வடிவுக்குத் தெரியும், அதை வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் அவள். அரச வேர் தண்ணீரைத் தேடிப் போகும். வழியில் சுவர் இருந்தால் சுவரைப் பிளந்துகொண்டு போகும். மழை பிடித்துக்கொண்டது. பரீட்சையைச் சீக்கிரம் முடித்துவிட்டு இறங்கிய மூன்று பெண்கள் கீழே அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முற்றத்தின் நட்ட நடுவே, தொப்பலாக நனைந்து, கூச்சல் போட்டபடி ஓடினார்கள். சன்ஷேடு பக்கமே போகவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஈரத்தோடு வகுப்பில் வந்து உட்காருகிறார்கள் என்று வடிவு எத்தனை நாள் கத்தியிருக்கிறாள். நீங்க சொல்லிட்டா பழையபடி ஆகிரும் என்று பிரின்சிபால் சொன்னது காதில் திரும்ப வந்தது. பழையபடி. பழையபடி என்றால், கூட்டமாக, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே.

வடிவு டெஸ்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டி, இதுக்குத்தானா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை, காலேஜில் பேசக் கூடாது என்பது சட்டம். கண்ணில் நீர் முட்டியது, அந்த எரிச்சலோடேயே முட்டியது. வீட்டில் ஒரு தட்டைக் கழுவி வைக்க மாட்டாள், இங்கே வந்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் காவல் நிற்கிறாளாம்.

கடைசிப் பத்து நிமிஷத்து மணி அடித்தது. நூலைக் கொடுத்தாள், கட்டச் சொன்னாள், தாள்களை வாங்கினாள். எல்லோரும் போன பிறகும் மாரிச்செல்வி பேனா மூடியைத் தேடுகிற சாக்கில் நின்றாள்.

"என்ன?"

"மேம்... அந்த அக்கா நெசமாவே இருக்காங்களா? இன்னைக்குப் பூசை போட்டு அனுப்பிருவாங்கன்னு சொல்லுதாங்க."

பேத்தாதே, போய்ப் படி என்று சொல்லத்தான் வடிவு வாயைத் திறந்தாள்.

"இருக்கா" என்றாள். "போக மாட்டா. ஆனா கொலுசு போட மாட்டா. முடி இவ்வளவுதான் இருக்கும், தோளோட. அழவும் மாட்டா, அடிஷனல் ஷீட்டும் கேக்க மாட்டா. கிழக்குச் சன்ஷேடுக்குக் கீழ எவளாவது நின்னா மட்டும் பிடிச்சுக்குவா. விடவே மாட்டா. எல்லாருட்டயும் சொல்லு, ஹாஸ்டல்ல ஒருத்தி விடாம சொல்லு."

"உங்களுக்கு எப்படி மேம் தெரியும்?"

"எம் பொண்ணுல்லா."

மாரிச்செல்விக்கு அது தெரியாது போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, "வாரேன் மேம்" என்று திக்கிச் சொல்லிவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கினாள்.

விடைத்தாள்களை ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வடிவு முற்றத்துக்கு வந்தபோது மழை வலுத்திருந்தது. கிழக்குக் கட்டிடத்தின் சன்ஷேடுக்குக் கீழே பிரின்சிபால் நின்றிருந்தார். பக்கத்தில் கோடாங்கி, உடுக்கைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்தபடி. அவர்கள் காலடியில் தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், குங்குமம். மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். வடிவு குடையை விரிக்காமல், முற்றத்தின் நடுவில் நனைந்தபடி நின்றாள்.

"வாங்க வடிவு மேம், ஏன் நனையுதீங்க? இங்க வாங்க."

"நீங்க முதல்ல வெளிய வாங்க மேடம்."

"மழை பெய்யுதே."

"எம் பொண்ணு அங்கதான் நிக்கா. உங்க தலைக்கு மேல."

வேதியியல் டாக்டர் கோடாங்கியை முந்திக்கொண்டு வெளியே பாய்ந்தார். தாம்பாளம் தட்டுப்பட்டு எலுமிச்சம்பழம் உருண்டு தண்ணீரில் போனது. மூன்று பேரும் மழையில் நின்றார்கள். பிரின்சிபாலின் பட்டுச் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவர் நடுக்கத்தோடு, "அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருங்களேன் மேம்" என்றார். வடிவு கையை நீட்டி, சன்ஷேடுக்கு மேலே சிவந்த துளிர் மட்டும் எட்டிப் பார்த்த கன்றைக் காட்டினாள்.

"அந்தச் சன்ஷேட இடிங்க மேடம். இடிச்சுத் தரையோட தரையாக்குங்க. அன்னைக்கு நானே வந்து சொல்லுதேன்" என்றாள். "போன்னு இல்ல. போயிட்டு வான்னு."

சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், வேகமாக நடந்தாள்.